மூணு நூல்

மாற்றுச் சக்கரத்தை, அதாவது ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டித் தர வேண்டும் என்று முதலில் கேட்டவர் வண்டியின் சொந்தக்காரர் அல்ல, அதை ஓட்டியவர். தொண்ணூறுகளின் நடுவில் ஈக்காட்டுத்தாங்கலில் லாரிகளுக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலை எனக்கு. டிப்ளமோ முடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அங்கே நான் ஒருத்திதான் பெண். முன்கோபக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன், அது சும்மா வந்த பெயரும் இல்லை.

மந்தைவெளியில் இருந்த ஒரு சமையல் கான்ட்ராக்டர், கல்யாணங்களுக்குப் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏற்றிப் போக ஒரு சின்ன லாரி வாங்கி எங்களிடம் பாடி கட்டக் கொடுத்தார். கூடவே அவருடைய டிரைவரும் வந்தார். நாற்பது வயதிருக்கும், சைதாப்பேட்டைக்காரர், ஒல்லியான உடம்பு. முதலாளி கணக்குப்பிள்ளையோடு பேசப் போன நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், போன மழைல தி.நகர்ல பழைய வண்டி பஞ்சர். முட்டி வரிக்கும் தண்ணி. ஸ்டெப்னி அடியில கீது. சாக்கடைத் தண்ணில மல்லாக்கப் படுத்துகினு அத்தக் கயட்டி எறக்கறதுக்குள்ள உசுரு பூட்ச்சு. மூணு நாளு ஜொரம். இந்த வண்டிக்கின்னா பின்னாடி கதவுலயே மாட்டிக் குடுங்க. நின்னுகினே கயட்டணும், அவ்ளோதான்."

அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு வண்டியை வரையும்போது முதலாளிக்கு என்ன வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதன் கீழே படுக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று நானும் அதுவரை கேட்டதில்லை. அவரை நிற்க வைத்து முட்டி உயரம், இடுப்பு உயரம் அளந்து எழுதிக்கொண்டேன். டேப்பைப் பார்த்து அவர் வெட்கப்பட்டார். "சட்டை தெக்கறீங்களா மேடம்?" என்றார்.

பத்து நாள் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன். சக்கரம் அவர் இடுப்புக்கு மேலே போகக் கூடாது, அதே சமயம் நம்பர் பிளேட்டையும் சிவப்பு விளக்கையும் மறைக்கக் கூடாது. கீல்களை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கே ஒரு நாள் போயிற்று. டிரைவர் பக்கம் வைத்தால் கதவு திறக்கும்போது நடு ரோட்டுக்கு நீளும், பின்னால் வரும் பஸ் அடித்துவிட்டுப் போகும். அதனால் க்ளீனர் பக்கம், அதாவது ஓரத்துச் சுவர்ப் பக்கம் வைத்தேன். இதெல்லாம் முடிந்த பிறகு கான்ட்ராக்டர் வந்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கதவுல மாட்டிட்டா எவனாவது ராத்திரியோட ராத்திரியா கழட்டிண்டு போயிடுவானே? பூட்டு வேணும். சாவி என்கிட்டதான் இருக்கும்."

அவர் கேட்டது நியாயம்தான், ஊரில் ஸ்டெப்னி திருட்டு அப்படி. நட்டுகளின் மேல் ஓர் இரும்புக் கை வந்து மூடி, அதில் பூட்டு விழுகிற மாதிரி செய்தேன். அந்த இரும்புக் கையின் கனமும் சேர்ந்ததும்தான் மொத்தக் கனத்தைக் கூட்டிப் பார்த்தேன். கதவு, சக்கரம், பூட்டு எல்லாம் சேர்ந்து மூன்று கீல்களில் தொங்கப் போகிறது. கீல்கள் போல்ட் ஆகிற மூலைத் தூணோ வெறும் மடித்த தகடு. தூணுக்கு உள்ளே, கீல்களுக்குப் பின்னால் ஒரு தடித்த பிளேட் வைத்தால்தான் போல்ட்டுகள் பிடித்து நிற்கும். படம் அதற்குள் பட்டறைக்குப் போயிருந்தது. புதிதாக வரைய சோம்பலாக இருந்தது. அங்கேயே போய், படத்தின் மேலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 3 என்று எழுதினேன்.

இந்த மூன்றுக்கு ஒரு முன்கதை உண்டு.

எங்கள் ஃபிட்டர் இருபது வருடமாக பாடி கட்டுகிறவர். அவர் அளவெல்லாம் இஞ்சும் நூலும்தான். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். கொத்தனார் முதல் தச்சர் வரை இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் கணக்கு. நான் படித்தது மில்லிமீட்டர். ஒரு நாள் பெரிய கம்பெனி மேனேஜர் ஒருவர் தன் வண்டி வேலையைப் பார்வையிட வந்திருந்தபோது இவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "ரெண்டு நூலு எறக்கிட்டா சரியாப் பூடும் மேடம்" என்றார். மேனேஜர் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. அவர் போனதும் எல்லார் முன்னாலும் ஃபிட்டரை ஒரு பிடி பிடித்தேன்.

"இனிமே என்கிட்ட நூலுன்னு பேசாதீங்கண்ணே. இது தையல் கடை இல்ல."

பட்டறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் சட்டைப் பையில் புதிதாக ஒரு எஃகு ஸ்கேல் இருந்தது, மில்லிமீட்டர் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. அதற்குப் பதிலாக, யாருக்கும் தெரியாமல் நூல் கணக்கைக் கற்றுக்கொண்டேன். அவரிடம் பேசும்போது அவர் பாஷையிலேயே பேசலாம் என்று முடிவு பண்ணினேன்.

ஆக, என் பென்சில் மூன்று அவருக்காக எழுதிய மூன்று. மூணு நூல், அதாவது ஒன்பதரை மில்லி, சுண்டுவிரல் தடிமனுக்குக் கிட்டத்தட்ட. அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் கிரைண்டர் கத்திக்கொண்டிருக்க, "உள்ள வெக்கற பிளேட்டு மூணா மேடம்?" என்று கேட்டார். "மூணுதாண்ணே" என்றேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

புதன்கிழமை வண்டி தயார். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று கான்ட்ராக்டர் பதினோரு மணியிலிருந்து வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாரம் ஏற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "எல்லாம் நன்னாத்தான் இருக்கும், விடும்மா" என்றார். எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி போயிற்று. டிரைவர் போகும்போது கதவை ஒரு தட்டுத் தட்டி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை மூன்று நாள் மனதில் வைத்துக் கொண்டாடினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனவள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு பிளேட்டைப் பார்த்தேன். அந்தக் கதவுக்கென்று நான் வரவழைத்த தடித்த பிளேட். என் சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. வெட்டவே இல்லை.

"அண்ணே, இது ஏன் இங்க இருக்கு?"

"அது வேற வேலைக்குன்னு வெச்சிட்டேன் மேடம்."

"அப்ப கதவுக்கு உள்ள என்ன வெச்சீங்க?"

"நீங்க சொன்ன மேரியே. மூணு மில்லி." பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் காட்டினார். "எனக்கே மெலிசாத்தான் தெரிஞ்சுது. நீங்க கணக்கு போட்டுச் சொல்லிக்கீறீங்க, நான் இன்னா கேக்கறது?"

ஓடிப்போய் படத்தை எடுத்தேன். பென்சில் 3, அதன் பின்னால் ஒன்றுமே இல்லை. மூலையில் என் அழகான கையெழுத்தில் நானே எழுதிய குறிப்பு: எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில். அவர் படத்தைப் படித்து அதன்படி செய்திருக்கிறார். என் பாஷையில் நடந்துகொண்டிருக்கிறார். நான் அவர் பாஷையில் எழுதியிருக்கிறேன். "நான் எழுதினது நூல்ணே" என்று அவரிடம் சொன்னேன்.

கான்ட்ராக்டர் வீட்டுக்கு போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். "அவா தி.நகர் மண்டபத்துக்குப் போயிருக்காளே. நாளைக்குக் கல்யாணம். வண்டியும் அங்கதான்."

"மாமி, டிரைவர் பேசினா கதவைத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்கோ."

"கதவைத் திறக்காம எப்படிம்மா பாத்திரத்தை எறக்கறது?"

போனை வைத்தேன். ஃபிட்டர் அதற்குள் ஜாக்கியையும் கயிற்றையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் கனமும் ஜாக்கியின் கனமும் சேர்ந்து மொபெட் முக்கியது. கிண்டியில் சிக்னல் விழுந்தது. அந்தச் சிவப்பு விளக்கைப் போல் நான் எதையும் வெறுத்ததில்லை. ஒவ்வொரு முறை அந்தக் கதவு திறந்து மூடும்போதும் போல்ட்டுகள் தகட்டை எவ்வளவு இழுத்திருக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தில் ஃபிட்டர் என் காதருகே குனிந்து, "ஒண்ணும் ஆயிருக்காது மேடம்" என்றார். அவர் குரலிலேயே அது பொய் என்று தெரிந்தது.

தி.நகர் மண்டபத்தில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி இல்லை. "இரும்பு அடுப்பும் அண்டாவும் எடுத்துண்டு வர மந்தைவெளிக்குத் திரும்பிப் போயாச்சு" என்றார் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர். கான்ட்ராக்டர் எங்கே என்றேன். பூ வாங்கப் போயிருக்கிறார். திருப்பினேன் மொபெட்டை. நந்தனம் தாண்டி மந்தைவெளிக்கு விரட்டினேன்.

கான்ட்ராக்டர் வீட்டுச் சந்தில் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. வண்டி சுவரை ஒட்டி நின்றது. சமையல்கார அம்மாள் ஒருவர் நடுத் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்திருந்தது. மேல் கீல் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, நடுக் கீல் பாதி கழன்று, கதவு முழுவதும் கீழ்க் கீல் ஒன்றில் தொங்கியது. ஸ்டெப்னி இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. சுவருக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவில் டிரைவர். முதுகு சுவரில், இடது தோள் சக்கரத்தின் அடியில். கதவு சரிந்தபோது தாங்கப் போனவர் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கிறார். நகர்ந்தால் அத்தனையும் அவர் மேலேதான் விழும்.

முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும், "மேடம், சாவி..." என்றார்.

ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டால் பாதிக் கனம் போய்விடும். அதை யாரும் கழற்ற முடியாதபடி பூட்டு வைத்தவள் நான். சாவி தி.நகரில் பூ வாங்கிக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் ஒரு நொடி பார்த்தார். "ஜாக்கி எட்டாது. கீய எதுனா குடுங்க, கெட்டியா." வீட்டு வாசலில் ஏற்றுவதற்காக வைத்திருந்த இரும்பு அடுப்பை நானும் அந்த அம்மாளும் இழுத்துக்கொண்டு வந்தோம். என் புடவை கிழிந்தது அப்போது தெரியவில்லை. அடுப்பின் மேல் காய் நறுக்கும் பலகை, பலகையின் மேல் ஜாக்கி. ஃபிட்டர் குந்தி உட்கார்ந்து ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தார். அவர் இருந்த இடத்திலிருந்து கதவின் அடி தெரியாது. நான் தரையில் குப்புறப் படுத்து, தலையைச் சாய்த்து ஜாக்கிக்கும் கதவுக்கும் நடுவில் பார்த்தேன்.

"எவ்ளோ கேப்பு கீது?"

"மூணு!" என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. டிரைவரின் கால்கள் என் கண்ணெதிரே நடுங்கிக்கொண்டிருந்தன.

"மூணு இன்னா?"

"நூல்! மூணு நூல்!" தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் ஏற்றினார். ஒரு நூல், ரெண்டு நூல் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜாக்கியின் தலை கதவைத் தொட்டது. பலகை முனகியது. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் சக்கரம் டிரைவரின் தோளை விட்டு ஒரு மயிரிழை விலகியது. அந்த அம்மாள் அவர் வலது கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். அவர் வெளியே வந்து, சுவரிலேயே சரிந்து உட்கார்ந்தார். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்க மாட்டாமல் தரையிலேயே கிடந்து அழுதேன். ஃபிட்டர் மட்டும் எதையும் பார்க்காமல் கதவைக் கயிற்றால் வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்தபின்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் உதடுகள் வெளுத்திருந்தன.

டிரைவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்கும் கான்ட்ராக்டர் ஆட்டோவில் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. மனிதர் பிய்ந்த கீலைப் பார்த்தார், அப்பளம் போல் வளைந்திருந்த உள் தகட்டைப் பார்த்தார். "இது யார் பண்ணின வேலை?" என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"என் தப்புதான் சார்" என்றார் ஃபிட்டர். "மேடம் நூலுன்னுதான் சொன்னாங்கோ. நான் மில்லின்னு கொயம்பிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாரிடமும் எதற்கெடுத்தாலும் எகிறிக் குதிக்கிற நான், பேச வேண்டிய ஒரே இடத்தில் ஊமையாக நின்றேன். வெட்கமாக இருந்தது. அதற்கும் கீழே, சொன்னால் என்ன, நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திரும்பி வரும்போது மொபெட்டை கிண்டியில் ஓரமாக நிறுத்திக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?

"நீங்க பண்ணீங்கன்னு சொன்னா, படிச்சவங்களுக்கே தெரிலன்னு பட்டறை பேரு கெட்டுப்பூடும். நான் பண்ணேன்னா, தெரியாதவன் பண்ட்டான்னு போய்க்கினே இருப்பாங்கோ." பையிலிருந்த ஸ்கேலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். "நீங்களும் எனக்கோசரம்தான நூலுன்னு நென்ச்சீங்க."

அன்று மாலையே பட்டறை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "கஸ்டமர்கிட்ட ஒருத்தர் பேரைச் சொல்லியாச்சு, இனி அதை மாத்தினா ரெண்டு பேரையும் நம்பமாட்டான்" என்று வாயை அடைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டிரைவரை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். காரை எலும்பு முறிந்திருந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். ஆரஞ்சு கொடுத்தேன், அந்த மூன்றை எழுதியது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அவர், "மேடம்தான் வந்து காப்பாத்துனாங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபிறகு மூன்றாம் முறை போகவில்லை.

கான்ட்ராக்டர் வேறு பட்டறையில் சாதாரணக் கதவு போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வருடமே ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் மந்தைவெளி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீரில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஒரு லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். பாடிதான் முதலில் அடையாளம் தெரிந்தது, நான் வரைந்ததாயிற்றே. பின்கதவு வெறுமையாக, வழுவழுவென்று இருந்தது. வண்டியின் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மொபெட்டைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்க் குனிந்தேன். தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"யாரு, மேடமா? பாத்தீங்களா என் நெலமைய? மேல மாட்னா தோளு பூடுது, கீய மாட்னா முதுவு பூடுது." அந்த நிலையிலும் சிரித்தார்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. "அன்னிக்கு மூணுன்னு எழுதினது நான். நூலுன்னும் போடல, மில்லின்னும் போடல. ஃபிட்டர் படத்துல இருந்தபடிதான் செஞ்சாரு. தப்பு என்னோடது."

மழை தகரக் கூரையில் விழுகிற மாதிரி லாரியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, உள்ளங்கையை விரித்தது.

"பையில பத்தொம்போது ஸ்பேனர் கீது பாருங்க. எடுங்க."

ஸ்பேனர் பை சக்கரத்தின் மேல் இருந்தது. கையை விட்டவள் அப்படியே நின்றேன்.

"பத்தொம்போது என்ன?" என்று கேட்டேன்.

"மில்லி மேடம்" என்றார். "நல்லாப் பாத்துக் குடுங்க."